நாலாம் பக்கம் வாசித்தவன்

அந்தப் பின்னேரம் நான் கிழக்கு லண்டனில் என் வீடு இருந்த செவன் கிங்ஸை நோக்கி நடந்துகொண்டிருந்தேன். இரண்டு பஸ் பிடித்தால் நாற்பது நிமிடத்தில் வீட்டில் இருந்திருக்கலாம். பாஸும் சட்டைப் பையில் இருந்தது. ஆனால் ஒரு வேலையை விட்டு வெளியேறினால் நடந்துதான் போவது என் வழக்கம். பெற்றோல் செட்டிலிருந்து அப்படி நடந்திருக்கிறேன். ஹவுன்ஸ்லோவில் விமானத்துக்குப் பெட்டி ஏற்றிய வேலையிலிருந்து மழைக்குள் நடந்திருக்கிறேன். டூட்டிங்கில் ஒரு சாப்பாட்டுக்கடையின் குசினியிலிருந்து இடுப்பில் கட்டிய துணியோடேயே வெளியே வந்து மூன்று மைல் நடந்திருக்கிறேன். அந்த முறைகளில் எல்லாம் பிழை முதலாளியுடையது என்று எனக்கு நானே சொல்லிக்கொள்ள முடிந்தது. இந்த முறை முடியவில்லை. கழுத்து அட்டையைக் கழற்றி மிஸ் ஹாலண்டின் மேசையில் வைத்துவிட்டு வந்திருந்தேன். பிழை என்னுடையது.

இதை எழுதச் சொன்னது எங்கள் கால்பந்துக் கழகத்தின் அலுவலகத்தில் இப்போது வேலை செய்யும் கீர்த்தனா. மைதானத்தின் வடக்குப் பக்கத்தில் இன்னொரு பார்வையாளர் மேடை கட்டப்போகிறார்கள். அதற்கு மறுபடியும் ரசிகர்களுக்குக் கடன் பத்திரம் விற்கிறார்கள். இந்த முறை எல்லாம் போனில்தான். நாலு பெட்டியில் விரலால் தொட்டால் காரியம் முடிந்தது. பழைய படிவங்களைக் கிளறிய கீர்த்தனா என்னை அழைத்து ஆங்கிலத்தில் கேட்டாள். அதில் ‘அங்கிள்’ மட்டும்தான் எங்கள் வழக்கம். “அங்கிள், பழைய படிவத்தில் நாலாம் பக்கம் ஏன் தமிழிலும் இருக்கிறது? அதன் கீழே பெட்டிக்குள் இருப்பதெல்லாம் ஏன் உங்கள் கையால் எழுதியது?” வாயால் சொன்னால் பாதியை விட்டுவிடுவேன். அதனால் எழுதுகிறேன்.

மன்னாரில், பேசாலையில் எட்டாம் வகுப்போடு என் படிப்பு நின்றது. சண்டையில் பள்ளிக்கூடம் முகாம் ஆனது, நாங்கள் படகேறினோம். பிறகு கொழும்பு, ஏஜென்சிக்காரன், மொஸ்கோ, ஒரு லொறியின் அடிப்பக்கம், ஜேர்மனி, பாரிசில் பாத்திரம் கழுவிய இரண்டு வருடம், கடைசியாக லண்டன். எங்கள் ஆட்களில் பாதிப்பேர் வந்த பாதை இது. புதிதாகச் சொல்ல ஒன்றும் இல்லை. லண்டனிலும் நான் ஓரிடத்தில் இருந்ததில்லை. கழகத்துக்கு வருவதற்கு முன் ஒரே வேலையில் நான் நின்ற ஆகக் கூடிய காலம் பதினாலு மாதம்.

கழகத்தில் முதலில் சனிக்கிழமை வேலை. மஞ்சள் ஜக்கெற் போட்டு வாசலில் நின்று, குடித்துவிட்டு வருகிறவர்களைப் பிரித்து அனுப்புவது. பிறகு ரிக்கற் ஜன்னலில் ஒருவர் நோயில் விழ, என்னை அங்கே இருத்தினார்கள். எனக்கு மனக்கணக்கு கெதியாக வரும், யார் கத்தினாலும் கோபம் வராது. அங்கேயே ஊன்றிவிட்டேன். கால்பந்து எனக்கு அவ்வளவாக விளங்காது. ஆனால் தோற்றுக்கொண்டே இருக்கும் ஒரு கழகத்துக்கு ஆயிரக்கணக்கானோர் ஏன் வருகிறார்கள் என்பது எனக்கு விளங்கியது. போக வேறு இடம் இல்லாதவனுக்கு அது விளங்கும்.

பழைய மைதானத்தின் மர மேடையைக் கவுன்சில் மூடியபோதுதான் எல்லாம் தொடங்கியது. புதிய மைதானம் இல்லாவிட்டால் லீக்கில் இடம் இல்லை. பணம் மூன்று பக்கத்திலிருந்து வரவேண்டும். நிலத்தைக் கவுன்சில் நீண்ட குத்தகைக்குத் தந்தது. பெரிய பங்கை ஒரு வங்கி கடனாகத் தரச் சம்மதித்தது. மீதியைக் கழகம் ரசிகர்களிடம் ஐந்து வருடப் பத்திரம் விற்றுத் திரட்டவேண்டும். அது நிறைந்த பிறகுதான் வங்கி தன் பங்கைத் திறக்கும். மார்ச் முடிவுக்குள் நிறையாவிட்டால் மைதானத்துக்கு இரும்பு தரும் கொம்பனி சொன்ன விலை காலாவதி ஆகிவிடும். ஆகவே மூன்றில் சிறிய பங்கு எங்களுடையது. ஆனால் மற்ற இரண்டும் அதன் தலையில்தான் நின்றன.

அந்தப் பங்கைத் திரட்டக் கழகம் கொண்டுவந்தவர்தான் மிஸ் ஹாலண்ட். வேல்ஸ் நாட்டுக்காரி. முப்பது வருடம் வங்கியில் கடன் கொடுத்தவர். ஒல்லியான, உயரமான மனுசி. எந்தக் காலத்திலும் ஒரே சாம்பல் கார்டிகன். அவரிடம் நான் பார்த்த முதல் விசித்திரம், எழுத்தைத் தலைகீழாக வாசிப்பது. படிவத்தை மேசையில் வைத்தால் அதன் முகம் எப்போதும் வாங்க வந்தவரைப் பார்த்துத்தான் இருக்கும். தான் எதிர்ப்பக்கம் இருந்து பென்சில் நுனியால் வரி வரியாகத் தொட்டு, தலைகீழாகவே வாசித்துக்கொண்டு போவார். ஏன் என்று கேட்டேன். “அது அவர்களுடைய கடதாசி” என்றார்.

முறை இதுதான். முதல் மூன்று பக்கத்தில் நல்ல செய்தி: எவ்வளவு வட்டி, எப்போது வரும், மைதானச் சுவரில் பெயர் பதிக்கப்படும் என்பதெல்லாம். அவற்றை வாங்குபவர் தானே வாசிக்கலாம். நாலாம் பக்கத்தில் கெட்ட செய்தி. கழகம் முறிந்தால் காசு போகும், ஐந்து வருடத்துக்கு முன் திருப்பிக் கேட்க முடியாது, அரசாங்கப் பாதுகாப்பு எதுவும் இல்லை. அந்தப் பக்கத்தை நாங்கள் உரத்து வாசிக்கவேண்டும். வாசித்து முடிய, “இப்போது நீங்கள் எனக்குச் சொல்லுங்கள்” என்று கேட்கவேண்டும். வாங்குபவர் தன் வாயால் சொல்வதை அப்படியே கீழே உள்ள பெட்டிக்குள் எழுதவேண்டும். அன்றைக்குக் கையெழுத்து வாங்கக்கூடாது. வீட்டுக்கு அனுப்பி, மறுநாள் வந்தால்தான் கையெழுத்து.

“இன்றைக்கு விருப்பமான பணம் நாளைக்கும் விருப்பமாகத்தான் இருக்கும்” என்பார். மறுநாள் வராதவரைத் தேடிப் போக எங்களை விடமாட்டார்.

அந்தோனி என்ற என் பெயரை அன்ரனி ஆக்கி, அவர் என்னை இரண்டாவது வாரமே கூப்பிட்டார். “உங்கள் சமூகத்தவர் இந்தப் பக்கத்தில் நிறையப் பேர் இருக்கிறார்களே. ஏன் ஒருவரும் வாங்கவில்லை?” என்றார். நான் கேட்டுப் பார்க்கிறேன் என்றேன்.

ஞாயிற்றுக்கிழமைப் பூசை முடிந்ததும் எங்கள் ஆட்கள் மாதா கோவில் மண்டபத்தில் தேத்தண்ணிக்கு நிற்பார்கள். அங்கே ஒரு மேசை போட்டேன். முதல் ஞாயிறு பகிடிதான்.

“அண்ணை, பந்து உள்ளுக்குப் போனா வட்டி கூடுமோ?”

“அந்தோனி, நீ பதினோராவது ஆளா இறங்குறதெண்டாச் சொல்லு, நான் ரெண்டு எடுக்கிறன்.”

“வெள்ளையள் உதைச்சு விளையாட நாங்கள் ஏன் காசு குடுக்கிறது?”

பள்ளிக்கூடக் குசினியில் வேலை செய்யும் மெற்றில்டா அக்கா மட்டும் கையில் தேத்தண்ணிக் கோப்பையோடு அருகில் வந்தார். ஐம்பது கடந்தவர். மண்டபத்தில் அவர் சொன்னால் பாதிப் பெண்கள் கேட்பார்கள். “இதென்ன விசயம் தம்பி? எனக்கு விளங்குற மாதிரிச் சொல்லு பாப்பம்” என்றார்.

அப்போதுதான் நான் அதைச் சொன்னேன்.

“அக்கா, இது எங்கட சீட்டு மாதிரித்தான். எல்லாரும் சேர்ந்து போடுறது. ஒரு ஆள் சீட்டைப் பிடிக்கிறதுக்குப் பதிலாக் கழகம் பிடிக்குது. ஆள் ஓடினாலும் மைதானம் ஓடாதுதானே?”

மண்டபம் சிரித்தது. அந்தச் சிரிப்பிலேயே மேசையைச் சுற்றி ஆட்கள் கூடினார்கள். சீட்டு எங்கள் ஆட்களுக்கு விளக்கவேண்டிய காரியம் இல்லை. வங்கி கடன் தராத காலத்தில் லண்டனில் வீடு வாங்கியது, கடை திறந்தது, தம்பியைக் கூப்பிட்டது எல்லாம் சீட்டுக் காசில்தான். நாலு ஞாயிறில் நாற்பத்தொரு படிவம் நிரப்பினேன். நாலாம் பக்கத்தை முறைப்படி உரத்து வாசித்தேன், ஆங்கிலத்தில். அவர்கள் தலையாட்டினார்கள். “சொல்லுங்கோ” என்றேன். “அதுதான் நீ சொன்னியே தம்பி” என்றார்கள். பெட்டிக்குள் நான் என் ஆங்கிலத்தில், ‘ஆபத்து விளங்கியது’ என்று எழுதினேன். மறுநாள் ஜன்னலுக்கு வந்து கையெழுத்தும் வைத்தார்கள். நாற்பத்தொரு பெட்டியிலும் ஒரே வசனம். அவர்கள் சொன்னது அல்ல. அவர்களுக்காக நான் சொன்னது.

திரண்ட காசைக் காட்ட அலுவலகத்தில் மாட்டியிருந்த பலகையில் கோடு ஏறியது. மிஸ் ஹாலண்ட் என்னைப் பார்த்து ஒருமுறை தலையசைத்தார். அதற்கு மேல் அவர் யாரையும் பாராட்டியதில்லை. அந்தத் தலையசைப்பை நான் வீடுவரை கொண்டுபோனேன்.

மார்ச் முதல் வாரத்தில், ஒரு செவ்வாய்க்கிழமை மத்தியானம், மெற்றில்டா அக்கா ரிக்கற் ஜன்னலுக்கு வந்தார். பள்ளிக்கூட உடுப்போடேயே வந்திருந்தார். முகத்தில் சந்தோசம்.

“தம்பி, நான் சீட்டை எடுக்கப்போறன். எவ்வளவு கழிவு கூறவேணும்?”

சீட்டில் அவசரக்காரர் முன்கூட்டியே காசை எடுப்பார். அதற்காகத் தன் பங்கில் எவ்வளவை விட்டுக்கொடுப்பார் என்று கூறி எடுப்பார். அதுதான் கழிவு. அவர் கேட்டது எங்கள் சீட்டில் நியாயமான கேள்வி.

“என்ன அவசரம் அக்கா?” என்றேன்.

“வீட்டுக்காரன் வீட்டை விக்கப்போறான். பதினேழு வருசம் வாடகை குடுத்த வீடு. எங்களுக்கெண்டாக் குறைச்சுத் தாறானாம், மாசம் முடியிறதுக்குள்ள முற்பணம் வைக்கவேணும். இல்லையெண்டா வேற ஆளுக்கு. என்ர மனுசன் பஸ்ஸில உழைச்சது கொஞ்சம் கிடக்கு. மிச்சம் உன்னட்டத்தானே கிடக்கு.”

உன்னட்ட என்றார். கழகத்திடம் என்று சொல்லவில்லை.

“நாளைக்குச் சொல்றன் அக்கா. கேட்டுச் சொல்றன்” என்றேன். கேட்பதற்கு ஒன்றும் இருக்கவில்லை. ஐந்து வருடம் என்று படிவத்தில் அச்சடித்திருந்தது. அவர் போனதும் வாங்கியவர்களில் மூன்று பேருக்குப் போன் எடுத்து, சும்மா சுகம் விசாரிப்பதுபோலக் கேட்டேன். ஒருவர் கோடைக்கு எடுக்கும் யோசனையில் இருந்தார். ஒருவர் மகளின் கலியாணத்துக்கு. மூன்றாமவர், “கடைசியா எடுத்தாத்தானே அண்ணை லாபம், நான் பொறுப்பன்” என்றார்.

ஒளிக்க வழி இருந்தது. படிவம் சரி, கையெழுத்து சரி, பெட்டிக்குள் வசனமும் இருந்தது. ‘அக்கா, நீங்கள் கையெழுத்துப் போட்டீங்கள்’ என்று நான் சொன்னால் அவர் ஒன்றும் செய்ய ஏலாது. கழகத்துக்கும் சேதம் இல்லை. இந்த நகரத்தில் என்னிடம் எத்தனை பேர் அப்படிச் சொல்லியிருக்கிறார்கள் என்று எனக்குத் தெரியும். நான் வாசிக்கத் தெரியாத கடதாசிகளில் கையெழுத்து வைத்தே பாதி ஐரோப்பாவைக் கடந்தவன்.

மூன்று மணிக்கு மிஸ் ஹாலண்டின் அறைக்குப் போய் நின்றபடியே முழுவதையும் சொன்னேன். சீட்டு என்றால் என்ன என்பதை விளக்கவே பத்து நிமிடம் பிடித்தது. முடிந்ததும், “எத்தனை?” என்றார்.

“நாற்பத்தொன்று.”

எழுந்து அலுமாரியைத் திறந்து, நாற்பத்தொரு படிவத்தையும் எடுத்து, ஒவ்வொன்றிலும் நாலாம் பக்கத்தைப் பிரித்துப் பெட்டியைப் பார்த்தார். ஒரே வசனம், ஒரே வசனம், ஒரே வசனம். பத்தாவதில் நிறுத்தாமல் கடைசிவரை பார்த்தார். அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

“இவர்கள் எல்லாரும் திருப்பிக் கேட்டால் வங்கியின் கோட்டுக்குக் கீழே போய்விடுவோம்” என்றார். பிறகு, “நான் இப்போது வங்கியோடு பேசவேண்டும். நீங்கள் வீட்டுக்குப் போங்கள், அன்ரனி.”

கோபம் இருந்திருந்தால் நான் நின்றிருப்பேன். கோபம் இல்லை. அட்டையைக் கழற்றி மேசையில் வைத்துவிட்டு நடக்கத் தொடங்கினேன்.

வழியில் ஹவுன்ஸ்லோவில் இருக்கும் என் சிநேகிதன் யூட்டுக்குப் போன் எடுத்தேன். சரக்குக் கொட்டகையில் ஆள் தேவை என்று போன வாரம்தான் சொல்லியிருந்தான். “வா மச்சான், நாளைக்கே வா. ஒன்பது மணிக்கு நிண்டியெண்டா ஷிப்ட் உன்ர. படுக்கவும் என்ர அறை இருக்கு” என்றான். மனம் லேசானது. அந்த லேசை எனக்கு நன்றாகத் தெரியும். இருபது வருடமாக அதுதான் என்னை ஊர் ஊராகக் கொண்டுதிரிந்தது. மெற்றில்டா அக்காவின் தெரு வந்தபோது எதிர்ப்பக்கம் மாறி, தலையைக் குனிந்துகொண்டு கடந்தேன். வீட்டுக்குப் போய்ப் பையைக் கட்டினேன். ஒரு பைதான்.

பிறகு என்ன நடந்தது என்பதை இங்கேயே சொல்லிவிடுகிறேன். மைதானத்துக்கு என்ன ஆகப்போகிறதோ என்று கீர்த்தனா பதறவேண்டியதில்லை, அவள் அதற்குள் இருந்துதான் இதை வாசிப்பாள். நாற்பத்தொரு பேரில் பதினொரு பேர் காசைத் திருப்பி எடுத்தார்கள். கழகச் சபையில் சிலர் கையெழுத்தைக் காட்டி மறுத்தார்கள். “விளங்காமல் போட்ட கையெழுத்து எனக்குத் தேவையில்லை” என்று மிஸ் ஹாலண்ட் ஒரே வசனத்தில் முடித்துவிட்டார் என்று பிறகு கேள்விப்பட்டேன். ரசிகர் கூட்டத்தில் தானே எழுந்து, எங்கள் பக்கம் பிழை நடந்தது, இவ்வளவு குறைகிறது என்று சொன்னார். என் பெயரைச் சொல்லவில்லை. ஆனால் குறையை நிரப்பியதில் பாதி அந்தக் கூட்டம் என்றால், மற்றப் பாதி எங்கள் ஆட்கள். கேட்டவுடன், கழிவும் இல்லாமல், காசைத் திருப்பிக் கொடுக்கிறார்களாம் என்ற கதை ஹவுன்ஸ்லோவரை போயிருந்தது. ஆள் தலைமறைவான சீட்டுகளில் அடிபட்டவர்கள் எங்களில் எத்தனை பேர்! முன்பு மேசைப் பக்கம் வராதவர்கள், நாலாம் பக்கத்தைத் தமிழில் கேட்டுவிட்டு, மறுநாள் வந்து கையெழுத்து வைத்தார்கள். மார்ச் முடிய நாலு நாள் இருக்கும்போது பலகையில் கோடு நிறைந்தது. மெற்றில்டா அக்கா வீட்டை வாங்கினார். குறையை நிரப்பிய அந்த இரண்டாம் சுற்றில் பத்திரமும் ஒன்று எடுத்தார், ஆகச் சிறியது. தெற்கு வாசல் சுவரில் அவர் பெயர் இருக்கிறது. “நான் வீட்டுக்குள்ள இருக்கிறன், என்ர பேர் மழைக்குள்ள நிக்குது” என்பார். நான் அங்கே பதினாறு வருடம் வேலை செய்து ஓய்வு பெற்றேன். பதினாலு மாதக்காரன் நான்.

ஆனால் அது எதுவும் அந்தப் புதன்கிழமைக் காலை எனக்குத் தெரியாது. பையோடு ஸ்ரேசனுக்குப் போய்க்கொண்டிருந்தேன். பஸ் தரிப்பிடத்தில் மெற்றில்டா அக்கா பள்ளிக்கூட உடுப்போடு நின்றார். எதிர்ப்பக்கத்துக்கு மாற நேரம் இல்லை.

“எங்கை தம்பி பையோட?”

“ஹவுன்ஸ்லோவுக்கு அக்கா. ஒரு வேலை.”

அவர் பையைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

“அப்ப என்ர சீட்டு?”

“அக்கா, அது சீட்டு இல்லை” என்றேன். அந்தத் தரிப்பிடத்தில், இரண்டு பஸ் வந்து போகும்வரை, எல்லாவற்றையும் சொன்னேன்.

“நான் என்ன, அவங்கட பந்துக்கோ காசு போட்டனான்?” அவர் கத்தவில்லை, கத்தியிருக்கலாம். “நீ சொன்னாய் எண்டு போட்டனான். சீட்டுப் பிடிச்சவன் பையோட ஸ்ரேசனுக்குப் போனா அவனுக்கு என்ன பேர் எண்டு உனக்குத் தெரியுந்தானே?”

தெரியும். எங்கள் எல்லாருக்கும் தெரியும்.

அவர் பள்ளிக்கூடத்துக்குப் போன் எடுத்து, “இண்டைக்கு வர ஏலாது” என்றார். பிறகு என் பையைத் தன் கையில் வாங்கிக்கொண்டார். பாரம் இல்லாத பைதான், எனக்கு உதவியாக வாங்கவில்லை. “நட” என்றார்.

எட்டரைக்கு அலுவலகத்துக்குள் நுழைந்தோம். மிஸ் ஹாலண்ட் அதே கார்டிகனோடு இருந்தார். மேசையில் நாற்பத்தொரு புதிய படிவங்கள் அடுக்கி இருந்தன, பெட்டிகள் வெறுமையாக. அடுக்கின் மேல் என் அட்டை. அதற்குப் பக்கத்தில், தன் நாற்காலிக்கு அருகே, இன்னொரு நாற்காலி போட்டிருந்தார். ஜன்னலில் எனக்கு உயரமான முக்காலிதான். அந்த அறையில் நான் நாற்காலியில் இருந்ததே இல்லை.

“நாலாம் பக்கம் தமிழில் வேண்டும்” என்றார். “முதலில் வாயால். பிறகு எழுத்தில். நாற்பத்தொரு பேரையும் கூப்பிடுங்கள். வேண்டாம் என்பவருக்குக் காசைக் கொடுப்போம்.”

“வங்கி?”

“வங்கி என் வேலை. இது உங்கள் வேலை. வேண்டுமா?”

ஹவுன்ஸ்லோவில் ஒன்பது மணிக்கு யூட் வாசலில் நிற்பான் என்று நினைத்தேன். அட்டையை எடுத்துக் கழுத்தில் போட்டேன். நாற்காலியில் இருந்தேன்.

மிஸ் ஹாலண்ட் முதல் படிவத்தை அக்காவுக்கு முகம் காட்டி வைத்தார். நான் எதிர்ப்பக்கம் இருந்து, பென்சில் நுனியால் தொட்டுத் தொட்டு, தலைகீழாக எழுத்துக் கூட்டி, தமிழில் சொன்னேன். கழகம் முறிஞ்சால் காசு போகும். அஞ்சு வருசத்துக்கு முதல் கேட்டாலும் வராது. கழிவு கூறியும் எடுக்க ஏலாது. இதைப் பிடிக்கிற ஆள் எண்டு ஒருத்தரும் இல்லை.

“இப்ப நீங்கள் எனக்குச் சொல்லுங்கோ அக்கா.”

அவர் பையை மடியில் வைத்தபடியே விரல் மடித்துச் சொன்னார். “முறிஞ்சாப் போகும். அஞ்சு வருசம் அசையாது. கழிவு இல்லை. நாலாவது, அந்தோனி சிரிச்சுக்கொண்டு சொன்னா நம்பக்கூடாது. எனக்கு வேண்டாம், என்ர காசைத் தாங்கோ.”

“என்ன சொன்னார்?” என்று மிஸ் ஹாலண்ட் கேட்டார்.

ஒரு சொல்லும் விடாமல் ஆங்கிலத்தில் சொன்னேன். நாலாவதையும் சொன்னேன்.

“அப்படியே எழுதுங்கள்” என்றார்.

பெட்டிக்குள் அப்படியே எழுதினேன். அக்கா எட்டிப் பார்த்து, பையை என் காலடியில் வைத்தார். அதன் பிறகு நான் அடுத்த படிவத்தை எடுத்தேன்.